பவளத்துக்கு எத்தனை வாட்ஸ்?

ஓசூர், பாகலூர் வட்டாரத்தில் ராத்திரியில் பயணம் செய்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஊர் தூங்குகிறது. நாய்கூடச் சுருண்டு படுத்துவிட்டது. ஆனால் தோட்டத்துக்கு நடுவில் வரிசை வரிசையாகப் பல்பு கட்டி, கல்யாண வீடு மாதிரி ஜகஜ்ஜோதியாக எரியும். மேளம் இல்லை, பந்தி இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. 'யாருக்கய்யா இந்த சீரியல் செட்?' என்று விசாரித்தால், 'சாமந்திக்கு' என்பார்கள்.

கிண்டல் இல்லை, நிஜம். சாமந்தி ராத்திரியை அளக்கிற செடி. இருட்டு நீளமானால், 'சரி, பூக்கிற காலம் வந்தாச்சு' என்று மொட்டு வைத்துவிடும். செடி முழங்கால் உயரம்கூட வராத சமயத்தில் அது இப்படி முடிவெடுத்தால் விவசாயி பாடு திண்டாட்டம். காம்பு குட்டை, பூ சின்னது, கிடைக்கிற விலை அதைவிடச் சின்னது! அதனால் நடு ராத்திரியில் விளக்கைப் போட்டு, நீளமான இருட்டை இரண்டாக நறுக்கிவிடுகிறார்கள். செடி ஏமாந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய உயரம் வந்ததும் சுவிட்சை அணைத்தால், சொன்ன பேச்சைக் கேட்டுப் பூக்கும். (பிள்ளைகளிடம் இது பலிப்பதில்லை.)

வெளிச்சத்தை வைத்துப் பிழைப்பு நடத்துகிற இந்த ஊரில், தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் ஒரு நாள் வீடியோ காலில் தன் வீட்டு ஹாலைக் காட்டினார். ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். கடலுக்குள் பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று பவளங்கள் இருட்டில் தணல் மாதிரி மினுங்குகின்றன. தம்பி அன்றைக்கு விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை.

சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. சம்சாரம் அதற்கு வேறு திட்டம் வைத்திருந்தது வேறு விஷயம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தொட்டி ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும்.

"அண்ணா, எல்லாம் ரெடி. லைட் மட்டும் எதுன்னு சொல்லிடுங்க. ஒரு கடைக்காரர் நூறு வாட்ஸ் போதும்ங்கறார். இன்னொருத்தர் வாட்ஸெல்லாம் பார்க்காதீங்க, ப்ளூ லைட் போட்டா போதும்ங்கறார். எத்தனை வாட்ஸ் போடணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய தாய்மாமா முந்திக்கொண்டார். இரண்டு ஏக்கரில் சாமந்தி போடுகிறவர்.

"ஏன்டா, அந்தப் பவளம் வெளிச்சத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணும்?"

"பாக்க அழகா இருக்கும் மாமா."

"உனக்கு அழகா இருக்கும்டா. அதுக்கு?"

மீன் தொட்டி விளக்கு வாங்கப் போகிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். சாமந்திக்கு விளக்கு என்பது ஒரு தகவல். 'இன்னும் விடியல், பொறு' என்று தந்தி அடிக்கிற மாதிரி. அதற்கு மங்கலான வெளிச்சமே தாராளம். பவளத்துக்கு விளக்கு என்பது சாப்பாடு. அதை அரை வயிறும் போடக் கூடாது, அஜீரணம் வரும்படியும் போடக் கூடாது.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. பிராணி. சின்னச் சின்ன வாய், வாயைச் சுற்றிக் கொடுக்கு வைத்த விரல்கள், சுண்ணாம்பில் தானே கட்டிக்கொண்ட சொந்த வீடு. இந்தச் சொந்த வீட்டுக்காரர் செய்த புத்திசாலித்தனமான காரியம், வாடகைக்கு ஆள் வைத்ததுதான். பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் என்கிற கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு. (நம் ஊர் லைன் வீடுகளெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்!) அந்தப் பாசி வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரை செய்து, அதில் பெரும்பங்கை வாடகையாக வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. பல வகைப் பவளங்களுக்குத் தேவையான சக்தியில் தொண்ணூறு சதவிகிதம் வரை இந்த வாடகையில் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் வாடகை பாக்கி, வீட்டுக்காரர் மெல்ல மெல்லப் பட்டினி. வெளிச்சமும் சூடும் எக்கச்சக்கமானால் பாசி சர்க்கரையோடு விஷமான ஆக்ஸிஜனையும் உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். வீட்டுக்காரர் கோபத்தில் குடித்தனக்காரர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றிவிடுவார். நிறமெல்லாம் பாசியோடு போய், உள்ளே இருக்கிற சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். பவளம் வெளுத்துப்போவது என்று செய்தியில் படிக்கிறோமே, அது இதுதான்.

ஆக, விளக்கு வாங்குகிறவர் முதலில் சமாதானப்படுத்த வேண்டியது அந்தக் குடித்தனக்காரப் பாசியை. அதற்கு என்ன பிடிக்கும்?

நீலம் பிடிக்கும். காரணம், அது பிறந்து வளர்ந்த இடம். சூரிய வெளிச்சம் கடலில் இறங்கும்போது தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி காலி. இருபது மீட்டர் ஆழத்தில் முத்துக்குளிக்கிறவர் விரலில் அடிபட்டால், ரத்தம் கரும்பச்சையாகத் தெரியுமே தவிரச் சிவப்பாகத் தெரியாது. நீலம் மட்டும் ரொம்ப தூரம் கீழே போகும். பரம்பரை பரம்பரையாக நீல வெளிச்சத்தில் சமைத்துப் பழகியவை இந்தப் பாசிகள். 420-லிருந்து 480 நானோமீட்டர் வரையிலான நீலம் அவற்றுக்குப் பிரியாணி. சாமந்தி நேர் எதிர். அதன் காதில் ஏறுவது சிவப்பு வெளிச்சம். மாமா தோட்டத்து பல்பைக் கழற்றி மருமகன் தொட்டியில் மாட்டினால் கதை நடக்காது.

அப்படியானால் நீல விளக்கு போதும் என்ற இரண்டாவது கடைக்காரர் சொன்னது சரியா? பாதி சரி. மீதிப் பாதியில் வியாபாரம் இருக்கிறது.

நீல வெளிச்சத்தில் பல பவளங்கள் தாங்களே ஒளிரும். அவற்றின் சதையில் இருக்கும் ஒருவகைப் புரதம் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தரும். அதனால் கடைகளில் முழு நீலத்தில் காட்டி மயக்குவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தால் பழுப்பு நிறத்தில் வாழைப்பூ வடை மாதிரி உட்கார்ந்திருக்கும். பட்டுப் புடவை எடுக்கப் போகும்போது நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கடை விளக்கை நம்பாமல் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் முந்தானையை விரித்துப் பார்ப்பார்கள். தொட்டிக் கடையிலும் அதே உபாயம்தான். 'கொஞ்சம் வெள்ளையையும் போடுங்க' என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்தே பாதி விஷயம் புரிந்துவிடும்.

இப்போது தம்பியின் வாட்ஸ். வாட்ஸ் என்பது விளக்கு எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று அது சொல்லாது. ஒருவர் நாலு தட்டு சாப்பிடுகிறார் என்பதை வைத்து அவர் எத்தனை மூட்டை தூக்குவார் என்று சொல்ல முடியுமா? டியூப் லைட் மட்டுமே இருந்த காலத்தில் 'இத்தனை லிட்டருக்கு இத்தனை வாட்ஸ்' என்று ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். எல்.இ.டி. வந்ததும் அது செல்லாக்காசாகிவிட்டது.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமனும் உதவாது. லூமன், லக்ஸ் இரண்டும் மனுஷக் கண்ணுக்காகச் செய்த அளவுகள். நம் கண்ணுக்குப் பச்சை கலந்த மஞ்சள்தான் பளிச்சென்று தெரியும், நீலம் மங்கலாகத் தெரியும். பவளத்துக்கு வயிறு நிறைக்கிற நல்ல நீல விளக்குக்கு லூமன் குறைச்சலாகத்தான் வரும். செல்போனில் லக்ஸ் அளக்கும் மென்பொருளை வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் நிற்பது, தராசில் ஜுரம் பார்ப்பது மாதிரி.

கெல்வின் என்று ஒன்று போட்டிருப்பார்கள். அது வெளிச்சத்தின் நிறம். நம் வீட்டு வெள்ளை விளக்கு பொதுவாக 6,500 கெல்வின். பவளத் தொட்டிக்கு 10,000-லிருந்து 20,000 வரை. எண் ஏற ஏற நீலம் கூடும். பதினாலாயிரம் சுமாரில் வைத்தால் பாசிக்கும் சந்தோஷம், பார்க்கிறவருக்கும் சந்தோஷம்.

கேட்டே ஆக வேண்டிய எண் வேறு ஒன்று. அதற்குப் பெயர் பார். (எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது இல்லை!) பாசி சாப்பிடக்கூடிய ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை விழுகின்றன என்ற கணக்கு. பாகலூரில் உச்சி வெயிலில் இது 2,000-ஐத் தொடும். மெத்தென்று தோல் மாதிரி இருக்கும் பவளங்களுக்கு 50-லிருந்து 150 போதும். பெரிய வாய் வைத்த கல் பவளங்களுக்கு 100-லிருந்து 200. மான் கொம்பு மாதிரி கிளைவிடும் வகைகளுக்கு 200-க்கு மேல், 350 வரையிலும் வேண்டும். 'இந்த விளக்கை எட்டு அங்குல உயரத்தில் தொங்கவிட்டால், ஒன்றரை அடி ஆழத்தில் பார் எவ்வளவு? நடுவில் எவ்வளவு, மூலையில் எவ்வளவு?' என்று கேளுங்கள். பதில் எண்ணாக வந்தால் கடையில் உட்காருங்கள். 'சூப்பரா எரியும் சார்' என்று வந்தால் எழுந்துவிடுங்கள்.

விளக்கு வகையில் மூன்று தலைமுறை. முதலாவது மெட்டல் ஹாலைடு. சூரியன் மாதிரியே தண்ணீரில் அலை அலையாக ஆடும் அழகுக்கு ஈடு கிடையாது. ஆனால் 250 வாட்ஸ் குடித்துவிட்டு அடுப்பு மாதிரி காயும். அடுத்தது டி-5 என்கிற ஒல்லி டியூப். நிழல் விழாமல் சமமாகப் பரவும். பளிச்சென்று எரிவது போலவே தெரியும், ஆனால் தெம்பு போய்விட்டிருக்கும், ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இப்போது எல்லாரும் வாங்குவது எல்.இ.டி. சூடு குறைவு, நீலம் தனியாக வெள்ளை தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், பல வருஷம் உழைக்கும். ஒரே புள்ளியிலிருந்து அடிப்பதால் கிளைக்குக் கீழே நிழல் விழும். மூன்றடித் தொட்டிக்கு ஒரே பெரிய விளக்கைவிட இரண்டு சின்ன விளக்கு உத்தமம். வேறு யோசனையே வேண்டாம், எல்.இ.டி.யை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி.

கரண்ட் பில்? 150 வாட்ஸ், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றால் 1.35 யூனிட். இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற நூறு யூனிட்டில் எண்பத்தொன்றைப் பவளமே மென்று தின்றுவிடும். இதை அப்போதே சொல்லியிருந்தால் தம்பியின் சம்சாரம் தொட்டியை ஆர்டர் கொடுக்கவே விட்டிருக்காது.

வாங்கிய அன்றைக்கே முழு வெளிச்சத்தில் திறந்துவிடாதீர்கள். பத்து நாள் பட்டினி கிடந்தவனை நேராக விருந்தில் உட்கார வைத்த கதையாகிவிடும். மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்தில் மெதுவாக ஏற்றணும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பவளத்தைவிடக் கண்ணாடியில் ஒட்டும் வேண்டாத பாசிதான் கொழுக்கும். அணைக்கிற வேலையை டைமரிடம் கொடுத்துவிடுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஆசையாக விளக்கைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் கூடாது. ராத்திரியைப் பற்றிய விஷயத்தில் பவளமும் சாமந்தி கட்சி. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை, பௌர்ணமி கழிந்த சில ராத்திரிகளில் எண்ணற்ற பவளங்கள் ஒரே நேரத்தில் முட்டையிடும். நிலாவைப் பார்த்து நாள் குறிக்கிற சாதி!

ஊருக்கேற்ற சமாசாரம் ஒன்று. பவளத்துக்குச் சுகமானது 25, 26 டிகிரி. கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற இந்தப் பக்கத்தில் கோடையைச் சமாளித்துவிடலாம். மார்கழிக் குளிரில் ஹீட்டர் வைத்தாக வேண்டும். கரண்ட் போனால் பதறி விளக்கை இன்வர்ட்டரில் மாட்டாதீர்கள். விளக்கு இல்லாமல் ஒரு நாள் ஓடிவிடும், அதை மேகமூட்டம் என்று பவளம் எடுத்துக்கொள்ளும். காற்றடிக்கும் மோட்டார் நின்றால்தான் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். இன்வர்ட்டர் முதலில் மோட்டாருக்கு. உப்புத் தண்ணீர் கரண்டுக்கு ராஜபாட்டை என்பதால், ஒயர் ப்ளக்குக்கு வரும் முன் ஒரு தொங்கல் விட்டு வாருங்கள். வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த விளையாட்டே வேண்டாம்.

இத்தனையும் சிங்கப்பூர் மச்சானுக்கு முழுசாகப் பொருந்தும். அங்கே பண்ணையில் நறுக்கி வளர்த்த துண்டுகள் கடையில் கிடைக்கும். பாகலூர்த் தம்பிக்கு? விளக்கு வாங்கலாம், அடியில் எதை வைப்பது?

2001-ஆம் வருஷம் மத்திய அரசு, கல்லாக வளர்கிற பவளங்கள் அத்தனையையும், கடல் விசிறி, கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணையில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? புலி, யானை! நம் கடலில் உடைத்தெடுத்த ஒரு துண்டுப் பவளத்தை ஹாலில் வைப்பதும் புலிக்குட்டியைக் கட்டிலுக்கடியில் வைப்பதும் சட்டத்தின் பார்வையில் பக்கத்துப் பக்கத்து வீடு. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் ஏழு வருஷம் வரை ஜெயில், அபராதம் குறைந்தது இருபத்தைந்தாயிரம். 'லைவ் ராக்' என்று ஈரச் சாக்கில் சுற்றி வருவதும் பல சமயம் கடலில் உடைத்த பவளப் பாறைதான். 'பில்லு வேணாம் சார், பின்பக்கமா வாங்க' என்று ஒருவர் கூப்பிட்டால் ஏன் கூப்பிடுகிறார் என்று புரிகிறது அல்லவா?

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். 1986-ல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் படகு படகாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அலையைத் தடுக்கிற சுவர் போனால் வீடு நிற்குமா? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. இருபத்தொன்று என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்கிறோம், தண்ணீருக்கு மேலே இருப்பது பத்தொன்பது. வான் தீவும் கரைந்துகொண்டே வந்து, 2015-லிருந்து அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து கடலில் இறக்கினார்கள். மிச்சமிருந்த பவளத்தை 2010-லும் 2016-லும் வெந்நீராகிப்போன கடல் வெளுக்க வைத்தது. தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் பவளக் கிளைகளைச் சிமென்ட் பலகையில் கட்டிக் கடலுக்கடியில் நாற்று நடுகிற மாதிரி நட்டு வருகிறார்கள். அவர்கள் ஒருபக்கம் நட, நாம் இன்னொரு பக்கம் பிடுங்கி ஓசூருக்கு லாரி ஏற்றுவதா?

இதைச் சொன்னதும் தம்பியின் முகம் வெளுத்த பவளமாகிவிட்டது. "அப்போ தொட்டியை என்ன பண்றது? துணி ஊற வைக்கவா?"

"மீன் வளர்க்கலாமே" என்றேன். கோமாளி மீன் என்று ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் உண்டு. அதைக் கடலில் பிடிக்காமலே குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தையை மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கைவரப்பெற்றிருக்கின்றன. குஞ்சகத்தில் பிறந்ததா என்று கேட்டு வாங்கணும். பாறைக்குச் சுட்ட களிமண்ணில் செய்தது கிடைக்கிறது, மூன்று மாதத்தில் பாசி படர்ந்து அசல் மாதிரி ஆகிவிடும். மீனுக்கு வெளிச்சம் சாப்பாடு இல்லை, பகல் எது ராத்திரி எது என்று தெரிந்தால் போதும். இருபது, முப்பது வாட்ஸில் ஒரு சாதாரண எல்.இ.டி., ஆறேழு மணி நேரம். பவள விளக்கின் விலையில் இதைப்போல ஏழெட்டு வாங்கலாம்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ மீனும் என் சாமந்தி மாதிரிதான். நேரம் தெரிஞ்சா போதும்" என்றார். பிறகு மருமகனிடம், "டைமர் வாங்காதே. என் பழைய டைமர் கொட்டாயில கெடக்கு, எடுத்துக்கோ" என்றார்.

தொட்டி வந்தது, உப்பு கலந்தார்கள், ஒரு மாதம் தண்ணீரைப் பதப்படுத்திவிட்டு இரண்டு மீன் விட்டார்கள். சீட்டுப் பணத்தில் கணிசமாக மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு தம்பியும் சம்சாரமும் ஓசூர் பஜாருக்குப் போனார்கள். புடவையைக் கடைக்கு வெளியே வெயிலில் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்ற ஆள் தம்பிதானாம்.